வாளி ஏறும் பளிங்குப் படி

சொரைதா அத்தை மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் காண்பதில்லை. குதிகாலை வைத்துத்தான். பாதி ஆயுளை மாடிப்படிகளில் முழங்காலிட்டே கழித்தவளுக்கு உலகம் கணுக்கால் உயரத்தில்தான் தெரியும் போலிருக்கிறது. சத்தமில்லாமல் பின்னால் போய் அவளைப் பயமுறுத்திவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "இடது செருப்பைத் தைச்சுப் போடுடி வாலு, வாயைப் பொளக்குது" என்பாள்.

அவள் வேலை தேய்ந்த பளிங்குப் படிகளைச் சரிசெய்வது. ஹவானாவில் பணக்காரர்கள் கட்டிய வெதாதோ பக்கம் பழைய பங்களாக்களை விருந்தினர் விடுதியாக மாற்றுகிறவர்கள் முதலில் சுவருக்கு வர்ணம் அடிப்பார்கள். அப்புறம் குளியலறையை மாற்றுவார்கள். கடைசியில்தான் படிக்கட்டு அவர்கள் கண்ணில் படும். தலையில் கைவைத்துக்கொண்டு அவளைத் தேடி வருவார்கள்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்த வழி கொஞ்சம் கோணல். சின்ன வயதில் ஒரு அழகு நிலையத்தில் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க ஆள் பழக்கும் பட்டறை ஒன்று பக்கத்திலேயே இருந்தது. அங்கே மதியச் சாப்பாட்டில் கோழி உண்டு என்று யாரோ சொன்னார்களாம். போய்ச் சேர்ந்துவிட்டாள். கோழி ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. கல் நிற்கவில்லை. "ரெண்டும் ஒரே வேலைதான். முதல்ல மொரட்டு அரம், அப்புறம் மெல்லிசு, கடைசியில துணி. கல்லு மட்டும் புருஷனைப் பத்திப் பொலம்பாது" என்பாள்.

அடக்கம் என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. ஒரு படிக்கட்டு முடிந்ததும் பையிலிருந்து உதட்டுச் சாயத்தை எடுப்பாள். கடைசியாகத் தேய்த்த படியில் முகம் பார்த்துப் பூசிக்கொள்வாள். கோடு பிசகாமல் வந்தால் வேலை முடிந்தது. பிசகினால் திரும்பவும் தேய்ப்பாள். தீக்குச்சித் தலை அளவுக்கு ஓரிடம் மங்கலாக இருந்தாலும் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்டவள் குடியிருந்த வீட்டின் படிக்கட்டு எங்கள் தெருவிலேயே, ஏன், எங்கள் சென்ட்ரோ ஹவானா பேட்டையிலேயே படுமோசமானது.

அந்த வீட்டைக் கட்டியவர் ஏதோ சர்க்கரை வியாபாரியாம். ஒரே குடும்பத்துக்கு அவ்வளவு பெரிய வீடு. இப்போது எத்தனை குடும்பம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், கேட்கிறவர் யார் என்று பார்த்துத்தான் பதில் சொல்வோம். நானும் அம்மாவும் கீழே. சொரைதா அத்தை மாடியில். அந்த வியாபாரி காலத்தில் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த வெள்ளைப் பளிங்கு, ஒவ்வொரு படியும் நடுவில் சூப்புக் கரண்டி மாதிரி குழிந்து போயிருந்தது. கால் மட்டும் தேய்த்த குழி இல்லை, தண்ணீரும் சேர்ந்து தேய்த்தது. குழாய்த் தண்ணீர் கீழ்த்தொட்டியோடு நின்றுவிடும். மேலே ஏற்றும் மோட்டார் நான் பிறப்பதற்கு முன்பே செத்துவிட்டது. தண்ணீர் வரும் நாளில் மாடிக்காரர்கள் எல்லாரும் வாளியும் கையுமாக ஏறுவார்கள். வாளி தளும்பும். தளும்பியது குழியில் நிற்கும்.

ஒருமுறை வாசலில் 'அருங்காட்சியகம். காலணியைக் கழற்றவும்' என்று அட்டை மாட்டி வைத்தேன். வெளிநாட்டுத் தம்பதி ஒன்று நிஜமாகவே கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறியது. மாடியில் குமெர்சிந்தோ மாமாவின் அடுப்பில் கறுப்பு அவரை கொதிப்பதை, அதுவும் காட்சிப்பொருள்தான் என்று நினைத்துப் படம் பிடித்துக்கொண்டு இறங்கியது. அம்மா அந்த அட்டையாலேயே என் முதுகில் சாத்தினாள்.

சொரைதா அத்தையின் கணவர் ரெமிஹியோ, ரொட்டி அடுப்பில் வேலை பார்த்தவர். பெரிய உடம்பு. எங்கே போனாலும் அவருக்கு முன்னால் மாவு வாசனை போகும். போன வருடம் இரண்டு கையிலும் வாளியோடு ஏறும்போது குழிப்படி ஒன்றில் கால் சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அந்தப் படியை 'அடுத்த ஞாயிறு செஞ்சிடறேன்' என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்த ஞாயிறுகள் ஏராளம். அதைப் பற்றி அவர் ஒருநாளும் அவளைக் குத்திக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம், இறங்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் மாடி நடையில் நன்றாகவே நடந்தார். படிக்கட்டின் தலை வரை வருவார். கீழே பார்ப்பார். அடுப்பில் ஏதோ மறந்துவிட்ட மாதிரி திரும்பிப் போய்விடுவார்.

அப்புறம் அவர் வாழ்க்கையே கயிற்றில் கட்டிய ஒரு கூடைக்குள் அடங்கிவிட்டது. ரொட்டி, முட்டை, பேப்பர் எல்லாம் பால்கனியிலிருந்து கூடையை இறக்கித்தான். டோமினோகூட அப்படித்தான். நடைபாதையில் குமெர்சிந்தோ மேசை போட்டிருப்பார். ரெமிஹியோவின் காய்களைக் கூடையில் மேலே அனுப்புவார்கள். தன் முறை வந்ததும் அவர் ஒரு காயைக் கூடையில் போட்டு இறக்குவார். ஒரு ஆட்டம் முடிவதற்குள் வெயில் தெருவின் அந்தப் பக்கம் போய்விடும். ஒருநாள் நான் ரொட்டியைப் போடாமல் 'ரொட்டி கீழே இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளவும்' என்று சீட்டு மட்டும் எழுதிப் போட்டேன். கூடை மேலே போனது. சற்று நேரம் கழித்து ஒரு பழைய பூட்ஸோடு இறங்கியது. பூட்ஸ் கூடைக்குள் இல்லை, என் தலையைக் குறிபார்த்துத் தனியாக வந்தது. நான் சும்மா விளையாட்டுக்குத்தான் செய்தேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நல்லதுதான்.

இப்படியே போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்போம். ஆனால் ரெமிஹியோ ஒருநாள் வீடு மாற்றிக்கொள்ள ஆள் பிடித்துவிட்டார். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ரெக்லாவில் ஒரு கணவன் மனைவி. அவர்களுக்கு ஹவானா பக்கம் வர ஆசை. அவர்கள் வீடு இவர்களுக்கு, இவர்கள் மாடி அவர்களுக்கு. சனிக்கிழமை கழித்து அடுத்த சனிக்கிழமை பார்க்க வருவதாகப் பேச்சு. அத்தை வேலை முடிந்து வந்து தூசித் தலையோடு சோற்றில் கைவைத்தபோதுதான் சொன்னாராம். மாடியில் அவர்கள் பேசுவதெல்லாம் நடு முற்றத்தில் விழும், எங்களுக்கு ரேடியோ தேவையில்லை.

"தரைவீடு. வாசல்ல மாமரம். படியே கெடையாது, வாசப்படிகூட இல்ல" என்றார் ரெமிஹியோ.

"படியே இல்லாத ஊர்ல நான் என்னத்தப் பண்ண? மாமரத்துக்குப் பாலிஷ் போடவா?"

"நீ வேலை செய்யறது ஊரான் வீட்லதானே. படகுல வந்து போ."

கரண்டியைத் தட்டில் போடும் சத்தம் கேட்டது.

"அவங்க வர்றதுக்குள்ள நான் நம்ம படியை முடிச்சிட்டா? நீ உன் கால்லயே எறங்கி வந்துட்டா?"

"வந்துட்டா இங்கயே கெடக்கலாம்" என்றார் அவர். "வர மாட்டேன்."

மறுநாள் அத்தை விடுதி வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். லாரி டயரை வெட்டிச் செய்த முழங்கால் பட்டைகளைக் கட்டிக்கொண்டு கடப்பாரையோடு உட்கார்ந்தாள்.

தேய்ந்த படியைச் சரிசெய்ய வழிகள் உண்டு. குழியில் பளிங்கு மாவும் பசையும் குழைத்து நிரப்பலாம். தேய்ந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு வேறு துண்டு பதிக்கலாம். அவளுக்குப் பிடித்தது மூன்றாவது: பலகைக் கல்லை முழுசாக நெம்பி எடுத்துத் திருப்பிப் போடுவது. அடிப்பக்கம் வெளிச்சமே படாமல் புதுசாக இருக்கும். மேல்பக்கக் குழி சாந்துக்குள் போய்விடும். நெம்பும்போது உடையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' சமயத்தில் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கல் எடுத்த இடங்களில் மரப்பலகை போட்டு ஏறி இறங்கினோம். குமெர்சிந்தோ பழைய கப்பல் சமையல்காரர், ஒவ்வொரு தடவை ஏறும்போதும் இதைவிடப் புயலில் சமைத்தது நிம்மதி என்று முனகினார்.

எல்லாக் கல்லும் சொன்னபடி கேட்டது, கடைசிப் படியைத் தவிர. அதைப் புரட்டியபோது அடிப்பக்கமும் குழிந்திருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ ஒருமுறை அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும் தேய்ந்து நடுவில் பிஸ்கட் கனம்தான் மிச்சம். அத்தை அந்த முகம் தெரியாத கொத்தனாரையும் அவன் அம்மாவையும் கொஞ்ச நேரம் விசாரித்தாள். பிறகு மேலே போய் ரெமிஹியோவிடம் ஒரு கல் கேட்டாள். ரொட்டிக் கடை மூடியபோது அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த, மாவு பிசையும் பளிங்குப் பலகை. அதன்மேல் துணி விரித்து அவர் பூந்தொட்டிகூட வைக்க விட்டதில்லை.

"எடுத்துக்கோ. நான் என்ன அதுல கால் வைக்கவா போறேன்" என்றாராம்.

அது நக்கலா சம்மதமா என்று எங்களுக்குப் புரியவில்லை. அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். நான்கு பேர் தூக்கி இறக்கினோம். கல் அளவு கச்சிதமாகப் பொருந்தியது, ஓரத்தில் கொஞ்சம் அறுத்ததோடு சரி.

அப்புறம் தேய்ப்பு. கிரைண்டர் சத்தத்தில் தெருநாய்கள் மலேகோன் கடற்கரைச் சாலை வரை ஓடிவிட்டன. வெள்ளைத் தூசி எங்கள் சோற்றில், காபியில், அம்மாவின் புருவத்தில். முரட்டுக் கல், நடுத்தரக் கல், மெல்லிசுக் கல், கடைசியில் அமிலப் பொடியும் துணியும். விடுதிக்காரர்களுக்குச் செய்ததைவிட ஒரு சுற்று அதிகமாகவே செய்தாள். முடித்ததும் பையிலிருந்து உதட்டுச் சாயத்தை எடுத்தாள். கோடு நூல் பிடித்தது மாதிரி வந்தது. தெருப் பெண்கள் எல்லாம் வரிசையில் நின்று அந்தப் படியில் முகம் பார்த்துக்கொண்டார்கள். நான்கூடப் பார்த்தேன். என் பல் இவ்வளவு கோணலா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ரெமிஹியோ மடிப்பு வைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படியின் தலைக்கு வந்தார். கீழே எல்லாரும் கூடியிருந்தோம். அத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கைப்பிடியைப் பிடித்தார். ஒரு காலை நீட்டி முதல் படியில் வைத்தார்.

அன்றைக்குத் தண்ணீர் வரும் நாள். யாரும் கவனிக்கவில்லை. குமெர்சிந்தோ மட்டும், கூட்டம் கலைந்தால் தொட்டிக்கு வரிசை நீளும் என்று கணக்குப் போட்டு, முன்பே வாளியை நிரப்பிக்கொண்டு ஏறத் தொடங்கியிருந்தார். பாதிப் படியில் வாளி தளும்பியது. அடுத்த அடி வைத்தார். அங்கிருந்து உட்கார்ந்த வாக்கில், ஒவ்வொரு படியிலும் ஒரு 'தொப்' வீதம், தொட்டியருகே வந்துதான் நின்றார். வாளி தலையில் கவிழ்ந்திருந்தது.

"அட்லாண்டிக்கைத் தாண்டினப்பகூட இந்த வேகம் வந்ததில்ல" என்றது வாளி.

அடி ஒன்றும் இல்லை. வீடே சிரித்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே மேலே பார்த்தேன்.

ரெமிஹியோ காலை எடுத்துவிட்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. "கூடையை எறக்கறேன். ரொட்டி வந்தாப் போட்டு அனுப்புங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கூட்டம் கலைந்தது. அத்தை கடைசிப் படியில் உட்கார்ந்து, சிந்திக் கிடந்த தண்ணீரில் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தேய்த்தாள். சோப்பில் போவது மாதிரி போனது.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். குமெர்சிந்தோ கம்பளம் போடலாம் என்றார். நனைந்த கம்பளம் நாய் நாற்றம் அடிக்கும் என்றாள் அம்மா. தண்ணீர் வரும் நாளில் மணல் தூவலாம் என்பது அம்மாவின் கட்சி. ரெமிஹியோ மாமாவையே கூடையில் வைத்து இறக்கிவிடலாம் என்றேன் நான்.

"கேட்டுச்சு, வாலு" என்றது மேலிருந்து குரல்.

அத்தை சிரிக்கவில்லை. "கொழாயைத் திருகினா மாடியில தண்ணி கொட்ற வீட்டுக்குப் போடற பாலிஷ் இது" என்றாள், யாரிடமும் இல்லாமல். "நானே தெனமும் வாளி தூக்கறவ. என் வீட்டுக்கு, எவனோ பணக்காரன் வீட்டுப் படியைப் போட்டிருக்கேன்."

மறுநாள் காலை 'டொக், டொக்' என்று சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அத்தை மேல்படியில் முழங்காலிட்டிருந்தாள். கையில் பல் பல்லாக முகம் வைத்த சுத்தியல். ஒவ்வொரு அடிக்கும் பளபளப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. கால் வைக்கிற இடம் முழுக்க, விளிம்பு வரைக்கும், புள்ளி மேல் புள்ளியாகக் கொத்திக்கொண்டு வந்தாள். முதல் நாள் முகம் பார்த்துப் போன பெண்கள் ஐயோ அம்மைத் தழும்பு மாதிரி இருக்கிறதே என்று அங்கலாய்த்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. நான் சுத்தியலைக் கொடு, நான் கொஞ்சம் அடிக்கிறேன் என்றேன். எனக்கு எதையாவது உடைப்பதென்றால் பிடிக்கும். அவள் தரவில்லை. "என்னோட பளபளப்பு. நான்தான் அடிப்பேன்" என்றாள்.

அந்தச் சத்தம் அடுத்தடுத்த நாட்களும் கேட்டது. ஒருநாள் மதியம் ரெமிஹியோ தாங்க முடியாமல் மேலே வந்து நின்றார்.

"ஏண்டி, நல்லா இருந்தத ஏன் கெடுக்கற?"

"கெடுக்கல."

"அன்னிக்கு அதுல பாத்துத்தானே உதட்டுச் சாயம் போட்ட?"

"கண்ணாடி ரூம்ல இருக்கு" என்றாள் அவள், நிமிராமலே.

அவர் திரும்பிப் போகவில்லை. தலைப்படியின் பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மனைவியின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தத் தலையில் தூசி எது, நரை எது என்று பிரிக்க முடியாது. தன் வேலையில் ஒரு கீறல் விழுந்தால் இரண்டு நாள் சாப்பிடாத பெண் அவள் என்று இந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அன்று சாயங்காலம் டோமினோவுக்குக் கூடை இறங்கவில்லை. குமெர்சிந்தோ பால்கனியை நோக்கி மூன்று முறை கத்திப் பார்த்துவிட்டு, ஆளில்லாத ஆட்டத்தையே அவருக்கும் சேர்த்து ஆடித் தோற்றார்.

சனிக்கிழமை வந்தது. தண்ணீரும் வந்தது. ரெக்லாக்காரர்கள் பத்து மணிப் படகில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அத்தை ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு வாளியையும் விளிம்பு வரை நிரப்பினாள். வேண்டுமென்றே ஒவ்வொரு படியிலும் தளும்ப விட்டுக்கொண்டு ஏறினாள். மேலே டிரம்மில் கொட்டினாள். இறங்கினாள். நிரப்பினாள். ஏறினாள். படி முழுக்கத் தண்ணீர் ஓடியது, அவள் கால் ஓடவில்லை. ரெமிஹியோ முக்காலியில் உட்கார்ந்து அவள் கால்களையே பார்த்தார். முதல் தடவையாக இந்த வீட்டில் அவளைத் தவிர இன்னொருவர் குதிகாலை உற்றுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"டிரம் ரொம்பி வழியுது" என்றார்.

"தெரியும்" என்றாள், இறங்கிக்கொண்டே.

திரும்ப ஏறியபோது மூச்சு வாங்கியது. பாதிப் படியில் ஒரு வாளியை வைத்துவிட்டு முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"போதும்டி. உன் முட்டி என் இடுப்பைவிட மோசம்."

"அப்ப நீ வந்து வாங்கிக்கோ" என்றாள். அவருக்கு இரண்டு படி கீழே நின்று ஒரு வாளியைப் படியில் வைத்தாள். "அது வரைக்கும் நான் நகர மாட்டேன்."

அவர் எழுந்தார். கைப்பிடியைப் பிடித்தார். ஒரு காலை வைத்தார். மற்றக் காலையும் அதே படியில் கொண்டுவந்து சேர்த்தார். அடுத்த படி. வாளியின் காதைப் பிடித்தார். தூக்குவார் என்று நினைத்தோம். சாய்த்தார். வாளித் தண்ணீர் முழுக்க அவள் காலைச் சுற்றிக்கொண்டு கடகடவென்று கீழே இறங்கியது.

"படியை நம்பறேன்" என்றார். "வாளியைத்தான் நம்பல."

அந்த ஈரத்திலேயே இறங்கத் தொடங்கினார். அவள் அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கினாள். கண்ணை அவர் பாதத்தை விட்டு எடுக்கவில்லை. இடது காலைக் கொஞ்சம் திருப்பி வை என்றாள். வைத்தார். பாதிப் படியில் அவருக்கு வியர்த்து வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. என் கைப்பைக்குள் ஒரு விசில் இருந்தது, இப்படிப்பட்ட நேரங்களுக்கென்றே வைத்திருப்பது. அதைத் தொடவில்லை.

அப்போதுதான் வாசலில், வழிந்துவரும் தண்ணீருக்கு ஒதுங்கி, தொப்பி போட்ட ஒருவரும் பை நிறைய மாம்பழத்தோடு ஒரு அம்மாவும் வந்து நின்றார்கள்.

"மாடி வீடு பாக்க வந்தோம்" என்றாள் அந்த அம்மா. அண்ணாந்து பார்த்தாள். "என்ன அழகான படி."

ரெமிஹியோ நின்றார். மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"அழகுதான். ஆனா மேல தண்ணி ஏறாதும்மா. மோட்டார் செத்துப் பல வருஷமாச்சு. எல்லாம் வாளிதான்."

"கூரையும் ஒழுகும்" என்றாள் அத்தை, அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டே.

"பேயும் உண்டு" என்றார் குமெர்சிந்தோ, யாரும் கேட்காமலே.

அந்த அம்மா கணவரைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றினார். "அப்ப, மாத்திக்கற எண்ணம் இல்லையாங்க?"

"இதை எறங்கி முடிச்சிட்டுச் சொல்றேன்" என்றார் ரெமிஹியோ. "அது வரைக்கும் யாரும் பேச்சுக் கொடுக்காதீங்க."

இறங்கி முடித்தார். கடைசிப் படியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். அது எந்தக் கல் என்று அவர் காலுக்குத் தெரிந்திருக்கும். பிறகு தரையில் கால் வைத்து, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். அத்தை அவருக்கு எதிரில் நின்றாள். ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டு பேரும் கீழ்த்தரையில் ஒன்றாக நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல் ரெக்லாக்காரர்களைப் பார்த்தார்கள்.

"மன்னிச்சுக்கோங்க, தம்பி" என்றார் ரெமிஹியோ. "படகேறி ரொம்ப தூரம் வந்துட்டீங்க. நாங்க எங்கயும் போறதா இல்ல."

அந்த அம்மா கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் மாம்பழப் பையை மாற்றுக் கையில் பிடித்துக்கொண்டு, அதனால என்ன, ஒரு காபியாவது தருவீங்கதானே என்றாள்.

"தராம என்ன" என்றாள் அத்தை. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. "காபி மேல இருக்கு."

எல்லாரும் படிக்கட்டைப் பார்த்தோம். ரெமிஹியோவும் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"ஏறலாம்" என்றார். "அவசரம் ஒண்ணும் இல்லையே?"

ஒருவருக்கும் இல்லை. அவர் முன்னால் ஏறினார், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து. பின்னால் அத்தை. அவளுக்குப் பின்னால் மாம்பழப் பையோடு அந்த அம்மா, தொப்பியைக் கையில் பிடித்தபடி அவள் கணவர், குமெர்சிந்தோ, அம்மா, நான். இடம் தாராளமாக இருந்தது. யாரும் யாரையும் முந்தவில்லை.